பேசாமல் கைகொடுத்தவருக்கு நன்றி சொல்வது எப்படி: மலையகத்துக்கு ஏற்ற சில வழிமுறைகள்

பொன்னாடையில் ஆரம்பிக்க வேண்டாம். சின்ன வயதில் நமக்குக் கைகொடுத்தவர் சபைக்கு வராத, மைக்கைக் கண்டால் ஒதுங்கிப்போகிற மனிதராக இருந்தால், மேடையும் மாலையும் அவருக்குத் தண்டனைதான். அப்படிப்பட்டவர்கள் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் இருந்த பள்ளிக்கூடத்தை ஒற்றை ஆளாய் நடத்திய மாஸ்டர். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் பசியோடு நின்ற பிள்ளைக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்த ஆயா. வந்த பத்திரிகையை வீசாமல் அடுக்கி வைத்துப் படிக்கக் கொடுத்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். கொழுந்து நிறுத்துப் பேர் (நாட்கூலிக் கணக்கு) போட்டு முடித்த பிறகு, வாசலில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கப்பிள்ளை. இவர்கள் யாரும் பாராட்டை எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனால் செய்தது வீண்போகவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தெரிய வேண்டும். கீழே உள்ள எல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

நினைவைச் சரிபார்த்தல்

முதல் வேலை ஒரு கொப்பியும் பேனாவும். அவர் செய்ததாக உங்களுக்கு நினைவிருக்கும் எல்லாவற்றையும் ஒரே இருப்பில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி போடுங்கள்: எந்த இடம், எந்த வகுப்பு அல்லது எந்த வயது, கையில் என்ன கொடுத்தார் அல்லது வாயால் என்ன சொன்னார். விடை இல்லாதவற்றை ஒதுக்கி வையுங்கள். மிச்சமிருப்பதில் மூன்று சம்பவம் தேறினால் தாராளம்.

அடுத்து அம்மாவிடமோ அக்காவிடமோ கூடப் படித்த ஒருவரிடமோ சரிபார்க்க வேண்டும். இருபது, முப்பது வருடத்தில் நினைவு இரண்டு பேரை ஒருவராக்கிவிடும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு அழைத்துப் போனவர் ஒருவராகவும் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் வேறொருவராகவும் இருப்பார்கள். உங்கள் மனதில் இரண்டும் ஒரே மாஸ்டர் கணக்கில் இருக்கும். செய்யாத ஒன்றுக்கு நன்றி சொன்னால், பேசாத மனிதர் அதைத் திருத்தவும் மாட்டார், மனதார ஏற்கவும் மாட்டார். அந்தச் சங்கடம் மற்ற இரண்டு உண்மையான சம்பவங்களையும் மூடிவிடும்.

கடிதம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கம் போதும். 150 முதல் 250 சொற்கள். கையெழுத்தில் எழுதுவது நல்லது. பார்வை மங்கியவர் என்றால் கணினியில் 18 புள்ளி எழுத்தில், வரிகளுக்கிடையில் ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு அச்சடித்து, கடைசி வரியையும் கையொப்பத்தையும் மட்டும் கையால் எழுதுங்கள்.

பெரிய சொற்கள் கடிதத்தைக் கெடுக்கும். ‘என் வாழ்வில் ஒளியேற்றிய தெய்வமே’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும்; ஆகவே அவருக்குப் பொருந்தாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் காம்பராவில் மண்ணெண்ணெய் இல்லாத நாட்களில் உங்கள் விளக்கில் படிக்க விட்டீங்க. தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய்த் திண்ணையில் உட்காருவீங்க. பனியில் உட்கார்ந்தது எனக்காகத்தான் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும்.’ இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படிப்பவர் அந்தத் திண்ணைக்குப் போய்விடுவார்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் வரியில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: இன்னாரின் மகள், இன்ன டிவிசன் (தோட்டப் பிரிவு), எத்தனையாம் லயம் (காம்பராக்கள் வரிசையாய் உள்ள குடியிருப்பு), எந்த வருடம் படித்தவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கண்டவருக்குப் பெயர் மட்டும் போதாது. பிறகு இரண்டு அல்லது மூன்று சம்பவம். அதன் பின் அதனால் இன்று நடப்பது என்ன என்று ஒரு பத்தி: ‘இப்போது நானும் வகுப்பில் பிழை விட்ட பிள்ளையை எல்லார் முன்னாலும் திருத்துவதில்லை.’ பதவி, சம்பளம், வெளிநாடு இவற்றை ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எதையும் கேட்க வேண்டாம். ‘ஆசீர்வாதம் செய்யுங்கள்’ என்பதுகூட அவரைப் பதில் எழுதக் கடமைப்படுத்தும்.

எல்லோரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. முதியவருக்கு வரும் கடிதத்தைப் பெரும்பாலும் பேரப்பிள்ளைதான் சத்தமாகப் படிக்கும், வீடே கேட்கும். அமைதியாக உதவியவர்கள் பலர் வீட்டுக்குத் தெரியாமல் உதவியிருப்பார்கள். பரீட்சைக் கட்டணத்தைத் தன் பேர்ப் பணத்திலிருந்து கட்டியது அவர் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ இன்று வரை தெரியாமல் இருக்கலாம். உங்கள் அப்பாவின் குடியையும் அவர் அதை மூடி மறைத்ததையும் அப்படித்தான் அவர் மனதோடு வைத்திருப்பார். பணம், குடி, குடும்பச் சண்டை சம்பந்தப்பட்ட உதவியைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நேரில், தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, கொழுந்து எடுத்த பாட்டி என்றால் கடிதத்தை நீங்களே போய் வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பின் தாளை அங்கேயே விட்டு வாருங்கள்; அதை அவர்கள் பெட்டிக்குள் பத்திரமாக வைப்பார்கள்.

தபாலை நம்பி அனுப்புவதானால் பதிவுத் தபால். லயங்களுக்கு வீட்டு இலக்கம் சரியாக இல்லாததால் சாதாரணக் கடிதங்கள் தோட்டக் கந்தோரில் (அலுவலகத்தில்) தேங்குவது பழைய குறை. பெயர், தகப்பன் பெயர், டிவிசன், தோட்டம், தபால் நகரம் என்று ஐந்தையும் எழுதுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் தோட்டத்தில் தகப்பன் பெயர்தான் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும்.

ஆளைத் தேடுதல்

எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், பள்ளிக்கூடத்தில் தொடங்குங்கள். அதிபரிடம் முறைப்படி கேட்டால் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஆசிரியர் கடமையேற்ற திகதியும் மாறிப்போன இடமும் கிடைக்கக்கூடும். 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதையொட்டிப் பல பள்ளிகளின் பெயர் மாறியது. தோட்டத்துக்கும் கம்பனி எழுதும் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வழங்கும் பெயர் இன்னொன்று. இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு விசாரியுங்கள். ஆள் கூடும் நேரம் கோயில் திருவிழா. கொழும்பில், வவுனியாவில் இருப்பவர்கள்கூட அப்போது தோட்டத்துக்கு வருவார்கள். தேர் நாளில் தேடாதீர்கள், அதற்கு முந்திய நாள் மாலையில் ஆறுதலாகப் பேசலாம்.

அவர் இந்தியாவுக்குப் போயிருக்கவும் கூடும். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்திய அரசுகளிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், பிரஜாவுரிமை இல்லாதிருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் குடியேறினார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டேன்டீ, பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே விசாரிக்கும்போது இலங்கையில் இருந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆள் பெயரை மறந்தவர்கள்கூடத் தோட்டப் பெயரை மறக்கவில்லை.

பேஸ்புக்கில் படத்தைப் போட்டு ‘இவரைத் தெரியுமா’ என்று கேட்பதைத் தவிருங்கள். அவர் அனுமதி இல்லாமல் அவர் முகம் ஊரெல்லாம் போகும். கண்டுபிடித்து நீங்கள் போய்ச் சேருமுன் சங்கதி அவருக்குப் போய்விடும்.

போய்ப் பார்த்தல்

காலம் பார்த்துப் போங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பசறை, மடுல்சீமை பக்கம் வடகீழ்ப் பருவமழை டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை. அங்கே ஜூலை, ஆகஸ்ட் மழை குறைந்து காய்ந்த மாதங்கள், காற்று மட்டும் பலம். எந்தப் பக்கமானாலும் காலையில் போய் மூன்று மணிக்குள் திரும்பப் பாருங்கள். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் தோட்டத்து ரோட்டில் ஆட்டோ கிடைக்காது. வரும்போதே ஆட்டோக்காரரிடம் திரும்பும் நேரத்தைப் பேசிவிடுங்கள். வேலைக்குப் போகும் வீடு என்றால் ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு. அதற்கு முன் துணியும் விறகும் தண்ணீரும் இருக்கும்.

தனியாகப் போங்கள், அல்லது உங்கள் பிள்ளையை மட்டும் கூட்டிப் போங்கள். ஐந்து பேர் வேனில் இறங்கினால் அந்த வீட்டில் கோப்பை தேடுவதே முதல் வேலையாகிவிடும். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள்; ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் கடன் வாங்கிச் சமைத்து வைப்பார்கள்.

அந்தக் காலத்தில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். சேர் என்றால் சேர், டீச்சர் என்றால் டீச்சர், மாமா என்றால் மாமா. ‘ஐயா அவர்களே’ என்று மாற்றினால் நீங்கள் தூரப் போய்விட்டதாகத் தோன்றும். காலில் விழும் பழக்கம் எல்லார் வீட்டிலும் இல்லை. கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் வேண்டவே வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டால் போதும். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள், ரொட்டியும் சம்பலும் வைத்தால் சாப்பிடுங்கள். ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழும்பி வருவதற்கு நம் ஆட்களிடையே பழைய, கசப்பான ஓர் அர்த்தம் உண்டு. அந்தச் சந்தேகம் ஒரு கணமும் வரக்கூடாது.

சுகம் விசாரித்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு வந்த காரணத்தை இரண்டு வசனத்தில் சொல்லிக் கடிதத்தைக் கையில் கொடுங்கள். அநேகமாக அவர், ‘அதெல்லாம் ஒன்னுமில்ல, நீ சாப்பிட்டியா?’ என்று பேச்சை மாற்றுவார். விட்டுவிடுங்கள். ‘இல்ல சேர், நீங்க இல்லாட்டி நான் இல்ல’ என்று வாதாடினால் அவரை மூலையில் தள்ளுகிறீர்கள். பேச்சை மாற்றுவதுதான் அவர் ஏற்றுக்கொண்ட விதம்.

கையில் கொண்டுபோவது

இனிப்புப் பெட்டி வேண்டாம்; வயதானவர்களில் சீனி வருத்தம் இல்லாதவர் குறைவு, தின்னவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவிப்பார்கள். குளிருக்குக் கம்பளிச் சுவெட்டர் நல்ல பொருள். ஆனால் முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருக்க வேண்டும், தலைவழி போடுவதற்குத் தோள் மூட்டு இடம் கொடுக்காது. ஒரு லீட்டர் சுடுதண்ணிப் போத்தல், உறுதியான குடை, கனத்த போர்வை இவையும் நாளும் பயன்படும். எல்லாவற்றையும்விட மேலானது, டவுனுக்குக் கூட்டிப்போய்க் கண் பரிசோதித்துக் கண்ணாடி எடுத்துக் கொடுப்பது. படிப்புச் சொல்லித் தந்தவருக்குத் திரும்பவும் எழுத்துத் தெரிய வைப்பதற்கு ஈடான பரிசு எளிதில் அமையாது.

பணம் கொடுப்பதானால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெற்றிலை பாக்கோடு கொடுங்கள். பண்டிகைக் காசை மறுப்பது குறைவு. பெரிய தொகை என்றால் கையில் திணிக்காமல், மகனிடமோ மகளிடமோ பேசி மாதாந்த மருந்துச் செலவு போல ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் மாதமே எத்தனை மாதத்துக்கு என்று சொல்லிவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் உதவி இல்லாமலிருப்பதைவிட மோசம்.

குரலும் படமும்

இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில், அவர் சம்மதித்தால், குரலைப் பதிவு செய்யலாம். முதல் நாளே போனை நீட்டக்கூடாது. விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துவாய் மேல், வாயிலிருந்து 30–40 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கோப்பை வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். வேவ் வடிவில், 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 மெகாபைட் பிடிக்கும். அதற்கு இடமிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். அரை நிமிடம் பதிந்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 40 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் தகரக் கூரை. மழை இறங்கினால் ஒரு சொல்லும் கேட்காது. ஆகவே காலை வேளை. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாத இடங்கள் உண்டு. பக்கத்துக் காம்பராவின் டிவி இங்கே கேட்கும், இங்கே பேசுவது அங்கே கேட்கும். இரண்டாவது விஷயம்தான் முக்கியம்: அவர் மனம்விட்டுப் பேசமாட்டார். கோயில் மண்டபமோ விடுமுறை நாளில் பள்ளிக்கூட அறையோ கேட்டு வாங்குங்கள்.

‘எனக்கு ஏன் உதவி செய்தீங்க?’ என்று கேட்டால் ‘சும்மாதான்’ என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். பொருளையும் வழியையும் கேளுங்கள். ‘பள்ளிக்கூடத்துக்கு எந்தக் குறுக்குல போவீங்க?’ ‘சோக் கட்டி இல்லாட்டி எதுல எழுதுவீங்க?’ ‘உங்களுக்கு மொதல்ல எழுத்துச் சொல்லிக் கொடுத்தது யாரு?’ கடைசிக் கேள்விதான் கதவைத் திறக்கும். தன்னைப் பற்றிப் பேசாதவர் தன் வாத்தியாரைப் பற்றிப் பேசுவார். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், இடையில் பேசாதீர்கள். பிரஜாவுரிமை, கப்பலில் போன அண்ணன் தம்பி, இனக்கலவரம் இவற்றை நீங்களாகக் கிளறக்கூடாது. அவராகத் தொட்டால் கேட்டுக்கொண்டிருங்கள்.

பழைய படங்களை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகாதீர்கள். பல குடும்பங்களிடம் இருப்பது ஒரே பிரதி. ஸ்கேன் செய்வதானால் தபாலட்டையிலும் சிறிய படத்துக்கு 600 டிபிஐ, பெரியதற்கு 300 போதும். ஸ்கேனர் இல்லாவிட்டால் இஸ்தோப்பு (முன் விறாந்தை) நிழலில் படத்தைக் கிடத்தி, போனை நேர் மேலே பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். நம் ஈரத்துக்குச் சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கப் போனால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். அதைக் கண்ணாடியோடேயே, உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லி எடுத்தால் பிரதிபலிப்பு விழாது. லமினேட் செய்யவே கூடாது. உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியே வர வழியில்லை. படத்தின் பின்புறம் பெயரும் இடமும் எழுத மென்மையான பென்சில், போல்பொயின்ற் அல்ல.

ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதி: ஒன்று உங்களிடம், ஒன்று அவர் வீட்டில், ஒன்று வேறு ஊரில். அவர் எழுத்தில் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும், இப்போது வாய்மொழி வரலாறுகளையும் இணையத்தில் ஆவணமாக்கி வருகிறார்கள்.

விழா எடுத்தே ஆக வேண்டும் என்றால்

பழைய மாணவர்கள் சேர்ந்து கேட்டால் அவரிடம் இரண்டு தடவை, வேறு வேறு நாளில் கேளுங்கள். முதல் ‘சரி’ உங்கள் முகத்துக்காகச் சொன்னது. 30 பேர், 45 நிமிடம், காலை பத்து மணி. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தில் வைத்தால் பின்னேரம் இடிமழைக் காலம் என்பதை மறக்காதீர்கள். மேடையில் தனி நாற்காலி வேண்டாம், முன்வரிசையில் கைப்பிடி உள்ள கதிரை போதும். இரண்டு பேர் மட்டும், ஆளுக்கு மூன்று நிமிடம், ஆளுக்கு ஒரு சம்பவம். பதிலுரை கேட்கக் கூடாது. அரசியல்வாதியைக் கூப்பிட்டால் அவர் வரும்வரை முதியவர் காத்திருப்பார், அதன் பின் விழா வேறொருவருடையது. நினைவுப் பலகையில் பெயர் பொறிப்பதானால் அடையாள அட்டையில் உள்ளபடி முதலெழுத்தையும் பெயரையும் கேட்டு எழுதுங்கள். நாம் கூப்பிடும் பெயரும் பதிவுப் பெயரும் பல தடவை வேறு.

அவர் செய்ததைத் தொடர்வது

அவர் என்ன செய்தாரோ அதையே, அதே அளவில் செய்யுங்கள். மாலை வகுப்பு நடத்தியவர் என்றால் எட்டுப் பத்துப் பிள்ளைகள், வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். இருட்டுமுன் முடியுங்கள், சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இது கட்டாயம். பெண் பிள்ளைகளை யார் கூட்டிப் போவது என்று தொடங்குமுன் பெற்றாருடன் பேசி முடிவு செய்யுங்கள். மர நிழலில் வகுப்பு வைத்தால் முதலில் மேலே குளவிக்கூடு பாருங்கள்.

படிவம் நிரப்பிக் கொடுத்தவர் என்றால் இன்றும் அதற்குத் தேவை குறையவில்லை. 15 வயது நிறைந்த பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும். அது இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் தடுமாற்றம் வரும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருப்பதுதான் அடிக்கடி வரும் சிக்கல். ஒன்பதாம் தரத்திலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருத்த நேரமிருக்கும்.

புத்தகம் கொடுத்தவர் என்றால் ஒரு இரும்பு அலுமாரியும் 60 புத்தகமும். அலுமாரியைச் செங்கல் மேல் தூக்கி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே பின்வரிசை பூஞ்சணம் பிடிக்கும். வெயில் நாளில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து விட ஒரு மாணவரைப் பொறுப்பாக்குங்கள். திறப்பு (சாவி) இரண்டு பேரிடம். பள்ளிக்குக் கொடுப்பதானால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாக, பொருட்பதிவேட்டில் ஏற்றிக் கொடுங்கள். பதிவில் இல்லாத பொருளுக்கு அதிபர் மாறும்போது ஆளில்லை. லயத்துப் பக்கம் தோட்டக் காணியில் எதைக் கட்டுவதற்கும் நடுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அவர் பெயரை அலுமாரிக் கதவில் எழுதுவதைவிட உள்பக்கத்தில் சின்னதாக எழுதினால் பலருக்கு நிம்மதி. அதையும் கேட்டுத்தான்.

காலமாகிவிட்டிருந்தால்

கடிதத்தை அப்படியே எழுதுங்கள். வாசிப்பவர் பிள்ளைகள் என்பது மட்டும்தான் மாற்றம். தகப்பன் தங்களோடு அதிகம் பேசவில்லை என்ற வருத்தத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கு, அவர் இன்னொரு பிள்ளையிடம் சொன்ன ஒரு வார்த்தை பெரிய சொத்து. கருமாதி வீட்டில் கூட்டத்துக்கு நடுவில் கொடுக்காமல், ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோங்கள். நினைவு மலர் அச்சிடுகிறார்கள் என்றால் இரவல் கவிதைக்குப் பதில் ஐந்து பேரிடம் ஐந்து சம்பவம் வாங்கிப் போடச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் 60 சொல்லுக்குள். மயானத்தில் புல் வெட்டுவதை மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஹட்டன் பக்கமென்றால் ஏப்ரல், பதுளைப் பக்கமென்றால் செப்டம்பர். அடையாளக் கல் இல்லாத குழி என்றால், புதைத்த இடத்தைக் காட்டக்கூடிய முதியவர் ஒருவரைக் கூட்டிப்போய், பக்கத்து மரம் எது, பாதையிலிருந்து எத்தனை அடி என்று அன்றே அளந்து எழுதி, அதன் பிரதி ஒன்றை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.